கட்டி போயிடுச்சு, சத்தம் போகல

1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் காது சத்திரசிகிச்சை நிபுணர்கள் இரண்டு பேர், வில்லியம் ஹவுஸும் டெரால்ட் பிராக்மனும், ஒரு கணக்கை வெளியிட்டார்கள். செவிநரம்பில் வளர்ந்த கட்டியை அகற்றிய 500 நோயாளிகளிடம் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ஆபரேஷனுக்கு முன்னாடி காதுக்குள்ள கேட்ட இரைச்சல் இப்ப எப்படி இருக்கு? நூற்றுக்கு 40 பேர் குறைந்திருக்கிறது என்றார்கள். 10 பேர் அப்படியே இருக்கிறது என்றார்கள். மிச்சம் 50 பேருக்கு இரைச்சல் கூடியிருந்தது.

இந்தக் கணக்கை முதல் தடவை வாசித்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை. ஏனென்றால் ஹவுஸ் செய்த அந்த ஆபரேஷனில் காதின் உள்பகுதியையே குடைந்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் கேள்திறன் முழுசாகப் போய்விடும். பல நேரம் செவிநரம்பும் அறுபடும். அதாவது காது இல்லை, காதிலிருந்து மூளைக்குப் போகும் கம்பியும் இல்லை. பிறகு எது கேட்கிறது? எங்கே கேட்கிறது?

மருத்துவ மாணவன் இல்லை நான், கலைப்பீடத்துக்காரன். அதனால் இந்தக் கேள்வியை வரலாற்றுப் பக்கமாகத்தான் துரத்திப் போக முடிந்தது. போன இடத்தில் எதிர்பாராமல் நம்ம மலைநாடும் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காதிரைச்சல் மனிதருக்குப் புதுசு இல்லை. அசீரிய மன்னன் அசுர்பானிபாலின் நூலகத்துக் களிமண் பலகைகளில் பாடுகிற காதுக்கும், பேசுகிற காதுக்கும், முணுமுணுக்கிற காதுக்கும் தனித்தனியாக மருந்தும் மந்திரமும் எழுதியிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை 28 காது நோய்களைச் சொல்கிறது. அதில் கர்ணநாதம் ஒன்று, கர்ணக்ஷ்வேடம் இன்னொன்று, இரண்டுமே காதுக்குள் தானாகக் கேட்கும் ஓசைகள். நம்ம ஊர்ல யாரும் அப்படி நாமம் சூட்டிச் சொல்லுறதில்ல. 'காதுல வண்டு கத்துது', 'கொய்ங்னு இருக்கு', அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இதைப் பற்றி உருப்படியாக எழுதியவர்களில் ஒருவர் பாரிஸ் வைத்தியர் இட்டார். காட்டில் வளர்ந்த விக்டர் என்ற சிறுவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க முயன்றவர் என்று வேறு புத்தகங்களில் அவரைச் சந்தித்திருப்பீர்கள். 1821-இல் எழுதிய காது நோய் நூலில், இரைச்சலை நிறுத்த முடியாவிட்டால் வெளியே இன்னொரு சத்தத்தை வைத்து அதை மூடுங்கள் என்று யோசனை சொல்கிறார். ஈர விறகைப் போட்டுத் தீ மூட்டலாம், தண்ணீர் விழுந்து ஓடும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம். ஈர விறகா? லயத்து அடுப்பில் வருஷத்தில் பாதி நாள் அதுதானே எரியுது என்று சிரிப்பு வந்தது. புகைக்கு அவர் மருந்து எதுவும் சொல்லவில்லை.

இனி மலைக்கு வருவோம்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் போனால் ஹக்கல பூந்தோட்டம். ஏப்ரல் சீசனில் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம். ஆனால் 1861-இல் அதைத் தொடங்கியது பூவுக்காக இல்லை, சிங்கோனா மரத்துக்காக. தென்னமெரிக்க அந்தீஸ் மலையிலிருந்து வந்த அந்த மரத்தின் பட்டையில்தான் மலேரியாவுக்கான குயினைன் இருந்தது. பேராதனைத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த துவெய்ட்ஸ் ஹக்கலையில் நாற்று வளர்த்துத் தோட்டத்துரைமாரை நடச்சொல்லிப் பார்த்தார். கோப்பி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, தோட்டம் தோட்டமாக அழிந்த பிறகுதான் சிங்கோனாப் பைத்தியம் பிடித்தது. தேயிலைக்குப் பெயர்போன லூல்கந்துரை ஜேம்ஸ் டெய்லரும் சிங்கோனா நட்டவர்தான். 1886 வாக்கில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. அளவுக்கு மீறி ஏற்றுமதியானதில் விலை விழுந்தது. ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த இனத்தில் குயினைன் அதிகம் வேறு. துரைமார் மரத்தைத் தோண்டி எறிந்துவிட்டுத் தேயிலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கோப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில் இந்த மரம் ஒரு வரியோடு ஓடிவிடும்.

இதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? குயினைன் கூடிப்போனால் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று காதிரைச்சல். இந்தத் தொல்லைக்கு மருத்துவம் வைத்த பெயரே மரத்தின் பெயர்தான்: சிங்கோனிசம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர்கள் இதை ஒரு அளவுகோலாகவே வைத்திருந்தார்கள். காது கூவத் தொடங்கினால் மருந்து உடம்பில் போதுமான அளவு ஏறிவிட்டது என்று அர்த்தம். நோயாளிக்குத் தொல்லையாக இருப்பது வைத்தியருக்கு அடையாளமாக இருக்கிறது. சத்தம் முக்கியமில்லை, அது எதைக் காட்டுகிறது என்பதுதான் முக்கியம். இந்தப் பார்வையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டியின் கதையிலும் இதேதான் வரும்.

அதே 1886-இல் கிளாஸ்கோவில் தோமஸ் பார் என்ற காது வைத்தியர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் காதுகளைச் சோதித்தார். இரும்புத் தகட்டை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் நாள்முழுக்க அடிக்கிற வேலை. ஒருவருக்குக்கூடக் கேள்திறன் ஒழுங்காக இல்லை. ஆக, இயந்திரச் சத்தம் காதைத் தின்னும் என்பது ஸ்கொட்லாந்தில் அப்போதே அச்சில் வந்த விஷயம். அங்கிருந்து வந்த துரைமார்தான் அந்தக் காலத்தில் நம்ம மலைகளில் ஸ்டோர் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன், ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ஜாக்சன் வடிவமைத்துக் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பெனி செய்த ரோலர்களும், பெல்பாஸ்டில் டேவிட்சன் செய்த சிராக்கோ டிரையர்களும் கப்பலிலும் ரயிலிலும் வந்து சேர்ந்தன. காதுக்குப் போட எதுவும் கூட வரவில்லை. வாட்டுகிற மாடியில் காற்றாடி, கீழே ரோலர், அதற்குப் பக்கத்தில் சல்லடை, அந்தப் பக்கம் டிரையர். சீசனில் கொழுந்து குவிந்தால் இரவும் ஓடும். ஸ்டோர்க்காரர் வீட்டுக்கு வந்தாலும் சத்தமாகத்தான் கதைப்பார், நாங்கள் அதைக் குணம் என்று நினைத்துக்கொள்வோம்.

தோட்டத்தில் வைத்தியம் இல்லாமல் இல்லை. 1872-இலிருந்து அடுத்தடுத்து வந்த மருத்துவத் தேவைகள் சட்டங்கள் தோட்டங்களைப் பணம் கட்டவும் டிஸ்பென்சரி வைக்கவும் கட்டாயப்படுத்தின. மாவட்ட வைத்தியசாலைகள் அப்படித்தான் எழுந்தன. 1916 வாக்கில் ராக்பெல்லர் அறக்கட்டளை வந்து கொக்கிப்புழுவுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாக மருந்து கொடுத்தது. இதெல்லாம் உயிர் காத்த வேலைகள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாமே எண்ணக்கூடியதை எண்ணிய வைத்தியம். சாவை எண்ணலாம், புழுவை எண்ணலாம், பெரட்டுக்கு வராத ஆட்களை எண்ணலாம். காதுக்குள்ளே ஓடுகிற சத்தத்தை யார் எண்ணுவது? அதோடு ஆள் வேலைக்கு வந்துவிடுகிறாரே.

இப்போது கட்டி. செவிநரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் கேள்வி நரம்பும் சமநிலை நரம்பும் சேர்ந்து ஓடும் ஒரு கட்டு. அந்த நரம்பைச் சுற்றியிருக்கும் உறையின் செல்கள் சில பேருக்கு மெதுவாகப் பெருகிக் கட்டியாகின்றன, பெரும்பாலும் சமநிலை நரம்பில். இது புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது. பழைய பெயர் அக்கூஸ்டிக் நியூரோமா, இப்போதைய பெயர் வெஸ்டிபியூலர் ஷ்வானோமா. பரவாது என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம், அது வளரும் இடம் மூளைத்தண்டுக்குப் பக்கம். வேகமோ மிகக் குறைவு, பல வருஷம் ஒரு காதில் இரைச்சல், கொஞ்சம் மந்தம், எப்போதாவது தள்ளாட்டம். வேறு ஒன்றும் தெரியாது.

1777-இல் லைடன் நகரத்து உடற்கூற்றியலாளர் சாண்டிபோர்ட் ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தபோது செவிநரம்போடு ஒட்டிய கெட்டியான ஒரு பொருளைக் கண்டு எழுதிவைத்தார். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கட்டி செத்தவர்களிடம் மட்டுமே தெரிந்த நோய். உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுக்கும் முயற்சி 1890-களில்தான் வருகிறது. லண்டனில் 1894-இல் சார்ல்ஸ் பாலன்ஸ் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் பிழைத்தார், ஆனால் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து அந்தப் பக்கத்துக் கண்ணும் போனது. அடுத்த வருஷம் எடின்பரோவில் தோமஸ் அன்னண்டேல் ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடமிருந்து கட்டியை எடுத்துக் காப்பாற்றினார். இவை விதிவிலக்குகள். அந்தக் காலத்து முறை என்ன தெரியுமா? மண்டையோட்டின் பின்பக்கத்தைத் திறந்து, விரலை உள்ளே விட்டுக் கட்டியைத் தோண்டி எடுப்பது. முதலாம் உலகப்போருக்கு முன் ஐரோப்பாவின் பெயர்பெற்ற நிபுணர்கள் கையிலேயே நூற்றுக்கு எழுபது, எண்பது பேர் இறந்தார்கள்.

இதை மாற்றியவர் பொஸ்டன் நகரத்து ஹார்வி குஷிங். 1917-இல் இந்தக் கட்டியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார், முப்பது நோயாளிகளின் கதை அதில் இருக்கிறது. சத்திரசிகிச்சையைவிட அவர் கேட்ட விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எது முதலில் வந்தது, அடுத்து எது என்று வரிசையாகக் கேட்டார். வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: முதலில் காது, பிறகு தள்ளாட்டம், பிறகு முகத்தில் மரப்பு, கடைசியில் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல். எழுந்து நடக்க முடியாத நிலைக்கு வந்த பிறகு வைத்தியரைத் தேடி வந்தவர்களிடம் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால் எப்போதோ ஒரு நாள் ஒரு காதில் தொடங்கிய சத்தத்தில் போய் நின்றது. வரலாற்று மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆனால் கவனியுங்கள், இங்கேயும் சத்தம் ஒரு தடயம்தான். கட்டியைப் பிடித்தவுடன் தடயத்தின் வேலை முடிந்துவிட்டது. குஷிங் கட்டியின் உறையை விட்டுவிட்டு உள்ளே மட்டும் வழித்தெடுத்தார், சாவு வெகுவாகக் குறைந்தது. மிச்சம் விட்டது திரும்ப வளர்ந்தது. பால்டிமோரில் இருந்த வால்டர் டாண்டி 1920-களில் முழுசாக எடுத்துக் காட்டினார், இரண்டு பேருக்கும் அதில் பெரிய பகை. 1960-களில் ஹவுஸ் வந்தார், முதலில் பல் வைத்தியம் படித்து அப்புறம் காதுக்கு வந்தவர். நுண்ணோக்கியையும் பல் வைத்தியருக்குப் பழக்கமான துளைக்கருவியையும் வைத்துக் காதெலும்பு வழியாகவே கட்டிக்குப் போனார். முக நரம்பைக் காப்பாற்ற முடிந்தது. 1969-இல் ஸ்டொக்ஹோமில் லார்ஸ் லெக்செல் கத்தியே வைக்காமல் காமா கதிர்களால் இந்தக் கட்டிக்குச் சிகிச்சை கொடுத்தார். 1980-களின் கடைசியில் எம்ஆர்ஐ ஸ்கேன் சில மில்லிமீட்டர் கட்டியைக்கூடக் காட்டத் தொடங்கியது.

இருநூறு வருஷக் கதையில் கேள்விகள் மாறிக்கொண்டே வருகின்றன. முதலில் ஆள் பிழைப்பாரா? பிறகு கட்டி முழுசாகப் போகுமா? பிறகு முகம் தப்புமா? பிறகு கேள்திறன் மிஞ்சுமா? எல்லாவற்றுக்கும் முதலில் வந்த அறிகுறி இரைச்சல், அதைப் பற்றிய கேள்வியோ கடைசியில். ஹவுஸும் பிராக்மனும் 1981-இல் அதைப் பெரிய அளவில் கேட்டபோது வந்த பதில்தான் நான் முதலில் சொன்னது.

அந்தப் பதில் ஒரு விஷயத்தை உடைத்துவிட்டது. நரம்பை அறுத்தும் சத்தம் நிற்காவிட்டால் சத்தம் காதில் இல்லை. காதிலிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோனதும் மூளையின் கேட்கும் பகுதி தன்னுடைய ஒலியைத் தானே கூட்டிக்கொள்கிறது என்பதுதான் இப்போது பரவலான விளக்கம். 1990-இல் ஜாஸ்ட்ரெபோப் இதை மாயத் தோற்றம் மாதிரியான ஒரு கேட்டல் என்று விளக்கினார். கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் இல்லாத பாதம் அரிக்கிறது, வலிக்கிறது என்று சொல்வதை நம்ம நாட்டில் கேட்டிருப்பீர்கள். அதே மாதிரி இது இல்லாத காதின் வலி. இன்னொரு பழைய சோதனையும் உண்டு: 1953-இல் ஹெல்லரும் பெர்க்மனும் காது நல்லாயிருந்த 80 பேரை ஒருவர் ஒருவராகச் சத்தமே நுழையாத அறையில் உட்காரவைத்தார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏதோ ஒரு ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். அமைதி என்பது மூளைக்கு ஒத்துவராது போல.

1981-க்குப் பிறகு வந்த கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சிலதில் குறைந்தவர்கள் அதிகம், சிலதில் மாறாதவர்கள் அதிகம். ஆபரேஷனுக்கு முன் இரைச்சலே இல்லாத சிலருக்குப் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. அதனால் இன்று நல்ல வைத்தியர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: இது கட்டிக்கான ஆபரேஷன், சத்தத்துக்கான ஆபரேஷன் இல்லை. சின்னக் கட்டி என்றால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே பார்த்திருப்பதும் ஒரு வழி.

இலங்கையில் நரம்பியல் சத்திரசிகிச்சை கொழும்பு பெரியாஸ்பத்திரியில் 1956-இல் செல்டன் கப்ராலோடு தொடங்கியது. அக்கரையில் வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னையில் ராமமூர்த்தி 1950-இலும் தொடங்கியிருந்தார்கள். 1956-இல் தோட்டத்து மக்களில் பெரும்பகுதிக்குக் குடியுரிமை இல்லை, 1948 சட்டம் அதைப் பிடுங்கி எட்டு வருஷம். மண்டையைத் திறந்து கட்டி எடுக்கும் அறை நாட்டுக்குள் வந்துவிட்டது. லயத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் எத்தனை படி என்பதுதான் மிச்சக் கதை. டிஸ்பென்சரி, மாவட்ட வைத்தியசாலை, நுவரெலியா அல்லது டிக்கோயா, அங்கிருந்து கண்டி, தேவைப்பட்டால் கொழும்பு. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017-இல் திறந்தது ஒரு படியைக் கிட்டவாக்கியிருக்கிறது. ஆனாலும் கிளினிக் போன நாளுக்குப் பேர் விழாது. பாதி நாளில் திரும்பினால் அரைப்பேர், அதுவும் கங்காணி மனசு வைத்தால்.

எங்கள் தோட்டத்தில் ஸ்டோரில் வேலை செய்த மாமா ஒருத்தர். இடது காதில் மட்டும் இரைச்சல். 'ஸ்டோர்ல நிக்கிற ஆளுக்கு காது கூவாம வேற என்ன செய்யும்' என்று எல்லோரும் சொன்னோம், அவரும் அதையே சொன்னார். சொட்டு மருந்து விட்டார், பூண்டெண்ணெய் விட்டார். ஆறு வருஷம். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார், அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மலைப்பாதையில் தள்ளாடத் தொடங்கியதும் குடி என்று ஒரு பேச்சு கிளம்பியது, மனுஷன் குடிக்கிறதே இல்ல. கடைசியில் ஒரு ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை, முகம் கொஞ்சம் கோணியிருக்கிறது. இடது காது கேட்காது. 'கேக்காத காதுலதான் தம்பி ரோலர் ஓடுது' என்பார். ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்படி ஆகலாம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த நினைப்பாவது இருந்திருக்காது.

ஸ்டோர் சத்தம் காதைக் கெடுப்பது உண்மை. ஆனால் அது பொதுவாக இரண்டு காதையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கெடுக்கும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், அதே காதில் மந்தம் என்றால் அதற்கு ஸ்டோரைக் காரணம் சொல்லி விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் கட்டியாக இருக்காது, காதுக்குடுமியாகக்கூட இருக்கலாம். ஸ்கேன் வசதி உள்ள நாடுகளில் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை ஏழு லட்சத்துக்கு மேல், அதே வீதத்தைப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு ஏழு முதல் பதினாலு பேர். டிஸ்பென்சரியில் போய்க் காதுவலி மருந்து கேட்கும்போது எந்தக் காது, எப்போதிருந்து, தலைசுற்றல் உண்டா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எழுதுகிற துண்டே வேறாக இருக்கும்.

சத்தத்துக்கு என்று இப்போது என்ன இருக்கிறது? 2008-இல் அன்ட்வெர்ப் வைத்தியர்கள் ஒரு காது செவிடாகி இரைச்சலால் வதைபட்டவர்களுக்குக் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். காதிலிருந்து செய்தி திரும்ப வரத் தொடங்கியதும் இரைச்சல் நன்றாகக் குறைந்தது. அதற்குச் செவிநரம்பு மிஞ்சியிருக்க வேண்டும். கட்டியை எடுக்கும்போது நரம்பையாவது விட்டுவைக்கப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு வழியில்லாதவர்களுக்கு மனப்பயிற்சியும் வெளிச்சத்தமும்தான். சத்தத்தை எதிரியாகப் பார்க்காமல் பழகிக்கொள்ள ஆலோசகர்கள் உதவுகிறார்கள். இரவில் மெல்லிசாக மழைச் சத்தமோ தண்ணீர்ச் சத்தமோ போட்டுவிடச் சொல்கிறார்கள், போனில் அதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. சுற்றிச் சுற்றி இட்டாரின் தண்ணீர் ஆலைக்கே வந்து நிற்கிறது.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நம்ம பக்கம் பஞ்சமில்லை. தலவாக்கலையில் செயின்ட் கிளயர் அருவி ஒரு காலத்தில் ராப்பகலாக விழுந்தது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012-இல் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தண்ணீர் சுரங்கத்துக்குள் போகிறது. அருவியைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் பகலில் கொஞ்சம் விடுவதாக ஏற்பாடு. காதிரைச்சல் உள்ளவர்களுக்கு அது தேவைப்படுவது ராத்திரியில்.